ஐந்து பேர் சாப்பிட்ட சஹன்

– அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுங்க யசிந்தாக்கா. மிச்சம் எல்லாம் அப்பிடியே இருக்கட்டும்.

– எந்த வரி முஸ்பிரா? கடைசிப் பக்கத்தில எத்தினை வரி கிடக்கு.

– "இந்த ஆண்டு எமது அயலவர் சங்கத்தில் எவரும் விடுபடவில்லை." அதத்தான் சொல்றன்.

– மாதாவே! அந்த வரிக்காகத்தானே இருபத்தெட்டுப் பக்கம் இருந்து எழுதினனான். ஆண்டிறுதிச் சிந்தனை எண்டு தலைப்பைப் போட்டிட்டு அதை எடுத்தா மிச்சம் என்ன இருக்கு? சக்கர நாற்காலி பதினொண்டு, சாய்தளம் நாலு, சைகைமொழி வகுப்பு ரெண்டு. சாமான் வாங்கின பில்லுத் துண்டு மாதிரிக் கிடக்கும்.

– இருந்தாலும் இல்லாதத எழுதக் கூடாதே அக்கா.

– இல்லாததோ? கேட்டீரே, சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில நீரும்தானே நிண்டனீர். எழுபத்திரண்டு பேர். ஆறு பேருக்கு ஒரு சஹன். அந்தப் பன்ரண்டு பெரிய தட்டையும் சிலாவத்துறையில இருந்து வாகனத்தில ஏத்திக்கொண்டு வந்ததே நீர். கிறிஸ்தவ வேதக்காரர், சைவம், முஸ்லிம், கண் தெரியாத ஆள், கை கால் ஏலாத ஆள், எல்லாரையும் கலந்து இருத்தினது நான். பாயில சுத்தி இருந்து ஒரே தட்டில கை வைச்சுச் சாப்பிட்டுதுகள். இந்தப் படத்தைப் பாரும். எனக்கு அண்டைக்குக் கண்ணீர் வந்தது, தெரியுமோ?

– படத்த நானும் பாத்தன். எண்ணிப் பாத்தீங்களா?

– எதை?

– ஆக்கள. வேப்பமரத்தடியில, முஹைதீன் நானா இருக்கிற சஹன எண்ணுங்க.

– மூண்டு, நாலு... அஞ்சு. ஒராள் எழும்பித் தண்ணிக்குப் போயிருக்கும்.

– தண்ணிக்குப் போகல்ல. ஆறாவது ஆள் மில்ரன் அண்ண.

– அட, அவர் சாப்பிட்டவர் பிள்ளை! நான் என்ர கையாலதானே கோப்பையில போட்டுக் குடுத்தனான். ரெண்டு துண்டு இறைச்சி கூடவும் வைச்சன்.

– அந்தக் கோப்பையக் கழுவ எடுத்தது நான். தண்ணித் தாங்கிக்குப் பின்னால கிடந்தது. காகம் கொத்திக்கொண்டு நிண்டது. ஒரு பிடி கூட அவர் தொடல்ல.

– மெய்யாவோ?

– அல்லாஹ் அறிய. அண்டைக்குப் போனவர்தான். திங்கள் வரல்ல, செவ்வாய் வரல்ல, இண்டைக்குப் புதன். ஏழு வருசமா இந்த மண்டபத்தத் திறக்கிறவர் அவர். ஒரு நாள் பிந்தியிருக்காரா? காய்ச்சல் எண்டாலும் காலம ஏழு மணிக்கு ஒத்தக் கையால பூட்டத் திறந்து, தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வச்சிருப்பார். நேத்து அவர்ட மனிசி பிரான்சிஸ்கா அக்காவுக்குப் போன் எடுத்தன். இனி அவர் வரமாட்டாராம், ஆளை விடட்டாம் எண்டு சொன்னாங்க.

– இனி வரமாட்டாரோ? என்ன முஸ்பிரா சொல்லுறீர்? இந்தச் சங்கத்துக்கு ஆக்களை வீடு வீடாப் போய்த் தேடிக் கொண்டுவந்ததே அந்த மனிசன். சிங்கராசா அண்ணை கண் போனாப் பிறகு எட்டு வருசம் வளவை விட்டு வெளிக்கிடேல்ல. அவரைச் சைக்கிள் பாறில ஏத்தி, ஒத்தைக் கையால உழக்கிக்கொண்டு வந்தது ஆர்? மில்ரன் அண்ணை இல்லாட்டி இது வெறும் கட்டடம்தானே.

– அதத்தானே நானும் சொல்றன்.

– என்ன கோவமாம்?

– அவர் சொல்லல்ல. ஆனா எனக்கு விளங்குது. மூணு நாளா அதான் எனக்கு நித்திரையும் இல்ல. அவர்ட வலது கை ஷெல்லில போனது. இடது கையாலதான் சாப்பிடுவார். எல்லாரும் கை வைக்கிற தட்டில இடது கை வந்தா... எங்கட ஆக்கள் ஏதோ சொல்லியிருக்காங்க அக்கா. இல்லாட்டி முகத்தச் சுளிச்சிருப்பாங்க. நான் அந்த நேரம் பாத்து வட்டிலப்பம் எடுக்கக் குசினிக்குள்ள போயிட்டன்.

– நானும் அதுக்குத்தான் அண்டைக்குப் பயந்தனான். அவையளிலயும் பிழை சொல்லேலாது, பாவம். வலது கையால சாப்பிடோணும் எண்டது உங்கட மார்க்கம். முஹைதீன் நானா வேற அஞ்சு நேரமும் தொழுகிற மனிசன்.

– ஏலாத ஆளுக்கு மார்க்கத்தில தடை இல்ல அக்கா. அது எங்கட ஊரில எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் செஞ்சாங்க எண்டா, அதான் எனக்கு வெக்கம். தட்டக் கொண்டு வந்து வச்சது நான். எங்கட தட்டில இருந்தே ஒரு மனிசன எழுப்பி விட்டிருக்கிறம். இண்டைக்கு அசறுத் தொழுகைக்குப் பிறகு முஹைதீன் நானாட வீட்ட போவன். மில்ரன் அண்ணட்ட வந்து மாப்புக் கேளுங்க எண்டு முகத்துக்கு நேர சொல்லுவன்.

– ஐயோ, வேண்டாம் பிள்ளை! இப்பதான் எல்லாச் சனமும் ஒண்டா இருந்து சாப்பிடத் தொடங்கியிருக்கு. நீர் போய்க் கிளறினா வாற வருசம் அவையும் வரமாட்டினம், இவையும் வரமாட்டினம். பேசாமல் இரும். மில்ரன் அண்ணையோட நான் ஆறுதலாக் கதைக்கிறன்.

– அப்ப அந்த வரி?

– அந்த வரி... பொறும், ஆரோ கேற்றைத் திறக்கினம்.

– அவருதான். மில்ரன் அண்ண! வாங்க, உள்ள வாங்க.

– இருக்க வரேல்லைப் பிள்ளை முஸ்பிரா. என்ன சொல்லுறன் எண்டா, மண்டபப் பூட்டின்ர ஒரு திறப்பு என்னட்டக் கிடக்குது. மனிசி காலம தொடக்கம் ஒரே ஆக்கினை, போகாத இடத்துத் திறப்பை என்னத்துக்கு வைச்சிருக்கிறியள் எண்டு. இந்தா, மேசையில வைச்சிட்டன். வாறன்.

– மில்ரன் அண்ணை, நில்லுங்கோ. இந்தக் கதிரையில இருங்கோ. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டாவது போங்கோ. இதில மேசையில வைக்கிறன் அண்ணை, எடுங்கோ.

– ஓம் தங்கச்சி யசிந்தா. எனக்கு எல்லாம் மேசையிலதானே வரும்.

– என்ன அண்ணை?

– ஒண்டுமில்லை. சீனி கூடிப்போச்சு எண்டன்.

– மில்ரன் அண்ண, நான் நேராவே கேக்கிறன். சனிக்கிழமை எங்கட ஆக்கள் உங்கள என்ன சொன்னாங்க? எதச் சொல்லியிருந்தாலும் அவங்களுக்காக நான் மாப்புக் கேக்கிறன்.

– உங்கட ஆக்களோ? ஆர்?

– முஹைதீன் நானா. அவர்ட மகன் அஸ்மி. இடது கை எண்டு...

– அதை விடும் பிள்ளை. நான் ஒருத்தரிலயும் குறை சொல்ல வரேல்ல. திறப்பைத் தர வந்தனான், தந்திட்டன்.

– விடமாட்டன். யசிந்தாக்கா அறிக்கையில எழுதியிருக்காங்க, "எவரும் விடுபடவில்லை" எண்டு. இதுக்குக் கீழ நானும் கையெழுத்து வைக்கோணும். நீங்க ஓம் எண்டு சொன்னா இப்பவே வைக்கிறன்.

– அப்பிடியோ எழுதியிருக்கு? எங்க, திருப்பி வாசியும்.

– "எவரும் விடுபடவில்லை."

– ம். நல்ல தமிழ். இது எங்க போகுது?

– கொழும்புக்கு அண்ணை. அங்கால வெளிநாட்டுக்கும் போகும். இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு முதல் அனுப்போணும்.

– போன வருசமும் போனதெல்லே. அட்டையில என்ர படத்தையும் போட்டனீங்கள். கை இல்லாத பக்கம் நல்லாத் தெரியுது. மனிசி கேட்டவ, ஏன் இவை முகத்தில பாதியை வெட்டிப்போட்டினம் எண்டு.

– அண்ணை, உங்களுக்கு மனம் நொந்திட்டெண்டு எனக்கு விளங்குது. நான் அந்த வரியை எடுக்கிறன். எடுத்திட்டா திறப்பைத் திரும்ப எடுப்பியளோ? நீங்கள் இல்லாமல் இந்தக் கதவு திறந்து கிடக்கிறதைப் பாக்கவே எனக்கு ஏலாமக் கிடக்கு.

– வரியை எடுத்திட்டு வெறும் இடமா விடாதேங்கோ தங்கச்சி. பிறகு ஒண்டுமே நடக்கேல்லை எண்டு போயிடும். என்ன சொல்லுறன் எண்டா, அந்த இடத்தில நான் சொல்லுறதை எழுதுங்கோ. எழுதி முடிய, திறப்பைப் பற்றிக் கதைப்பம்.

– சொல்லுங்கோ. எழுதுறன்.

– சனிக்கிழமை மத்தியானம். வேம்புக்குக் கீழ ஒரு சஹன். முஹைதீன் நானா, அஸ்மி, பெரியமடு ஆக்கள் ரெண்டு பேர், சிங்கராசா அண்ணை, நான். ஆறு பேர். எழுதியாச்சோ?

– எழுதியாச்சு.

– எல்லாரும் தொடங்கீட்டினம். இந்தக் கை மட்டும் மடியை விட்டு எழும்புதில்லை. கடல்ல வள்ளத்தில நிண்டு சாப்பிட்டவன், முகாமில சாப்பிட்டவன், எனக்கே வெக்கம் வந்திட்டுது. அதுக்குள்ள வயிறு வேற கத்துது. சஹனுக்கெண்டு காலமச் சாப்பாட்டையும் விட்டிட்டெல்லோ வந்தனான்.

– பிறகு அண்ண?

– முஹைதீன் நானா கண்டிட்டார். "என்ன மில்ரன், பாத்துக்கொண்டு இருக்கிறீங்க?" எண்டார். நான் இந்தக் கையைத் தூக்கிக் காட்டினன். இதுதான் மிச்சம் நானா எண்டன்.

– அப்ப முகத்தச் சுளிச்சாரா?

– சுளிச்சாரோ? பிள்ளை, அந்தாள் என்ர கையைப் பிடிச்சு இழுத்துத் தானே தண்ணி ஊத்திக் கழுவி விட்டார். "புத்தளத்து முகாமில இருபது வருசம் வரிசையில நிண்டு தனித்தனியாக் கோப்பை நீட்டினம். இப்ப ஒண்டாக் குந்திச் சாப்பிட ஆள் கிடைச்சிருக்கு, இதில வலது இடது பாக்கிறதா? அல்லாஹ் உங்களுக்கு எத மிச்சம் வச்சானோ, அதுதான் உங்கட வலது கை. வைங்க" எண்டார். அஸ்மி இறைச்சியைப் பிச்சு என்ர பக்கம் தள்ளி விட்டான். சிங்கராசா அண்ணை சிரிக்கிறார், "எனக்கு எந்தக் கையெண்டு தெரியவே போகுது, கெதியாச் சாப்பிடடா" எண்டு.

– யா அல்லாஹ்! நான் அந்த மனிசனப் பத்தி மூணு நாளா என்னவெல்லாம் நினைச்சிட்டன். மாப்புக் கேக்கச் சொல்லி அவர்ட வாசல்ல போய் நிண்டிருப்பனே.

– எழுதுறீங்களோ தங்கச்சி?

– எழுதுறன் அண்ணை.

– நான் ஒரு பிடி எடுத்திட்டன். இந்தா, வாய்க்குக் கிட்டக் கொண்டு போயிட்டன். கை போய்ப் பதினாறு வருசம், ஆக்களோட ஒரு தட்டில முதல் பிடி. அந்த நேரம் பின்னால ஒரு ஆள் வந்து தோளைத் தொட்டது. கோப்பையில சோறு, அதுக்கு மேல ஒரு கரண்டி. "அண்ணை, நீங்கள் இஞ்சால வாங்கோ, அவையளுக்கு ஒரு மாதிரி இருக்கும்" எண்டு காதுக்குள்ள சொன்னது. கைக்குள்ள இருந்த சோத்தோடயே எழும்பிப் போனன். நானா பின்னால கூப்பிட்டவர். நான் திரும்பிப் பாக்கேல்ல.

– ஆர் அண்ண அது? ஆர் அப்பிடிச் சொன்ன?

– பேர் வேண்டாம் பிள்ளை. நல்ல மனத்தோடதான் செய்தது. ரெண்டு துண்டு இறைச்சி கூடவும் வைச்சிருந்தது.

– யசிந்தாக்கா? ஏன் எழுதுறத நிப்பாட்டிட்டீங்க? அக்கா, அழுறீங்களா?

– நிப்பாட்டேல்ல. முடிச்சிட்டன். எனக்கு வாசிக்க ஏலாது, நீர் வாசியும்.

– "கோப்பையும் கரண்டியும் கொண்டுபோய் அவரைச் சஹனிலிருந்து எழுப்பியது நான். அவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்று, அவர்களில் ஒருவரையும் கேட்காமலே நான் முடிவு செய்தேன். யசிந்தா, செயலாளர்." அக்கா, இதையா கொழும்புக்கு அனுப்பப் போறீங்க?

– நாலு மணிக்கு முதல் அனுப்புவன். மில்ரன் அண்ணை, என்னை நீங்கள் மன்னிக்க வேண்டாம். பேசுங்கோ, ஏசுங்கோ. ஆனா கதவு திறக்க வாங்கோ. திறப்பு... இந்தா, இதில மேசையில...

– மேசையில வைக்காதேங்கோ தங்கச்சி. இந்தக் கையில தாங்கோ.