கிழக்கு ஓரத்துச் செடிகள்

மொட்டைமாடியில் ஐந்து அங்குலத்துக்கு மண் போட்டுப் புல்லும் செடியும் வளர்த்தால், கத்திரி வெயிலிலும் அடியில் உள்ள வீட்டில் மின்விசிறியை மூன்றாம் எண்ணுக்கு மேல் வைக்க வேண்டியதில்லை. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் அப்படி முதலில் செய்தது நான்தான். பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு வேறு பைத்தியம் எதுவும் இல்லை.

பொறியாளர் இளம்பரிதி அமைத்துக் கொடுத்தார். கிளம்பும்போது, தண்ணீர் வடிய வைத்த இரண்டு குழாய்களைக் காட்டினார். “இத மட்டும் அடைக்கக் கூடாது சார். மண்ணு காஞ்சிருந்தா ஒரு வெயிட்டு, தண்ணி தேங்குனா வேற வெயிட்டு. உங்க தளம் பழசு, தாங்காது.”

அதை அன்றே நாட்குறிப்பில் எழுதினேன். நாட்குறிப்பு இப்போது உங்களிடம் இருக்கிறது.

மாடிவீட்டில் செல்லதுரை குடியிருந்தார். பள்ளி ஆசிரியர். மனைவி இசைவாணிக்கு வங்கியில் வேலை. செல்லதுரையின் அப்பா குடவாசல் பக்கம் எங்கள் வயலில் வேலை பார்த்தவர். அது தெரிந்துதான் வீடு கொடுத்தேன். நான் அதையெல்லாம் பார்க்கிறவன் இல்லை. என் மனைவி மாலதி இரண்டு நாள் முணுமுணுத்தாள். நான்தான் அவளை அடக்கினேன்.

சித்திரையில் கிழக்கு ஓரத்துச் செடிகள் பட்டுப்போக ஆரம்பித்தன. முதலில் டேபிள் ரோஸ், பிறகு புல். மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. அந்த ஓரத்துக்கு நேர் கீழேதான் செல்லதுரையின் படுக்கையறை.

கவனிக்கத் தொடங்கினேன். தினமும் சாயங்காலம் அவர் வாளியோடு மேலே போனார். ஒருநாள் படியில் நிறுத்திக் கேட்டேன்.

“நம்ம போர் தண்ணி உப்பு சார். குழாய் தொறக்கிற எடம் அந்த ஓரந்தானே, அதான் வாடுது. முனிசிபல் தண்ணி புடிச்சு வச்சு ஊத்துறேன்.”

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?”

“எங்கப்பா உங்க வயல்ல பயிர் பாத்தவருங்க. செடி வாடுனா எனக்கு மனசு கேக்கல.”

சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கேட்டது செடியைப் பற்றி. அப்பாவை ஏன் இழுக்க வேண்டும்? அந்தச் சிரிப்பையே பல நாள் யோசித்தேன்.

காலி செய்யச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். சொன்னால் ஊரில் வேறு மாதிரி பேசுவார்கள். எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.

மாலதியைப் பேராவூரணிக்கு அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். தென்னந்தோப்பு, வெயில் தெரியாது. அவள் போனதும் இரண்டு வடிகுழாய்களிலும் சாக்கைத் திணித்து மேலே சிமென்ட் பூசினேன். இடிபாட்டில் நீங்கள் எடுத்த சாக்கு அதுதான். பிறகு மாடிக் கதவைப் பூட்டிவிட்டு மோட்டாரைப் போட்டேன். செவ்வாயும் புதனும் தண்ணீர் பாய்ந்தது. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் மாதிரி மாடி பளபளத்தது.

புதன் மாலை செல்லதுரை வந்தார். “சார், கட்டிலுக்கு மேல விரிசல் தெரியுது. தண்ணியும் கசியுது. முன் ரூம்ல படுத்துக்கவா?”

“கொஞ்சம் கசியத்தான் செய்யும். தளத்துக்கு ஒண்ணும் ஆகாதுங்க. பயப்படாம அங்கயே படுங்க.”

மரியாதை தெரிந்தவர். நான் சொன்னதும் நம்பிப் போனார்.

பள்ளி விடுமுறை. மதியம் சாப்பிட்டதும் தூங்குவார். இசைவாணி அப்போது வங்கியில் இருப்பாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதனால்தான் அவள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து மோட்டாரை ஓடவிட்டேன். வியாழக்கிழமையும் அவள் கிளம்பிய பிறகு போட்டேன். மதியம் கடைத்தெருவுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டே காலுக்குக் கிழக்குப் பாதி கீழே இறங்கியது.

ஆஸ்பத்திரியில் இசைவாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களாவது வெளிய இருந்தீங்களே சார்.” நல்ல பெண்.

போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்று அறிக்கையைக் காட்டுகிறீர்கள். இருக்கட்டும். அவரைக் கொன்றது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் மேற்குப் பாதியில் தோட்டம் இன்னும் இருக்கிறது. நேற்று மாலதி பார்க்க வந்தபோது விசாரித்தேன். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டதாம், மோட்டார் போடவே இல்லையாம். மூன்று வாரமாக ஒரு செடிகூடப் பட்டுப்போகவில்லை.

அவர்தான் செய்தார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?