கேணல் காத்து நிற்காது

– இஞ்ச ஓடி வாங்க! நீங்க செஞ்ச மூச்சுப் பெட்டி பொய் சொல்லுது.

– என்ன புஸ்பம்? புள்ள மூச்செடுக்கிறாதானே?

– எடுக்கிறா. எட்டாம் மாசத்தில பொறந்தவள், எப்ப மூச்செடுக்க மறப்பாளோ எண்டுதான் எனக்குப் பயம். இப்ப தும்மினா. நான் நாப்பது எண்ணினதுக்குப் பொறகுதான் திரையில கோடு துள்ளிச்சு.

– நாப்பதா? பொறு, பாக்கிறன். நெஞ்சுப் பட்டி சரி. வயர் சரி. கேணலும் நேரத்துக்கு மூச்ச எடுத்துப் போடுது.

– ஐயோ, மெல்லமாக் கதைங்க! வாசல்ல ஆமிச் சென்றி நிக்கிறான். எந்தக் கேணல் எண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க?

– இது இயக்கத்துக் கேணலுமில்ல, ஆமிக் கேணலுமில்ல புஸ்பம். கொம்பியூட்டர நடத்துற புறோக்கிராமுக்கு இங்கிலீசில அதுதான் பேர், நடு உள்ளுக்க இரிக்கிறது. குறிச்ச நேரத்துக்கு மூச்ச அளந்து வரிசையில போட்டுட்டுப் போயிரும். ஆருக்காகவும் காத்து நிக்காது. வெளிய இரிக்கிற என்ட புறோக்கிராம்தான் ஒவ்வொண்டா எடுத்துத் திரையில கீறும்.

– மறுகா ஏன் பிந்துது?

– கீறுறது ஆறுதலா, மெல்ல மெல்ல நடக்குது. வரிசை நீண்டு போச்சு. முந்திப் போட்டதுதானே முதல்ல வரும்.

– அப்ப நான் பாத்துக்கொண்டிருந்தது இப்பத்த மூச்சில்லையா? புள்ள நிப்பாட்டினாலும் இது சுகமா இரிக்கா எண்டு காட்டுமா?

– ஓம்... நாப்பது எண்ணி முடியுமட்டும் அப்பிடித்தான் காட்டும். என்ட பிழை புஸ்பம். என்ட பெரிய பிழை.

– சரி, கண்ணத் துடைங்க. மூச்சு நிண்டா உடன புள்ளட கால ஒள்ளம் சுரண்டி உசுப்பச் சொல்லித்தானே டொக்டர் விட்டவர். திருத்துங்க.

– வரிசையே வேணாம். சங்கக்கடையில விலை எழுதுற கரும்பலகை மாதிரி ஒரே ஒரு இடம். கேணல் பழச அழிச்சுப் புதுச எழுதட்டும். நான் கடைசியா எழுதினத மட்டும் வாசிப்பன்... ம், இப்ப சுரண்டிப் பாரு.

– சுரண்டினன். உடன துள்ளுது! என்ட கிளி, கோவமாம்மா?

– அப்பாடா! இப்பதான் எனக்கு மூச்சு வருது.

– காலையில வந்த தம்பிட கடிதத்த இன்னொருக்கா வாசிங்க.

– தவத்துடதா? “அக்கா, வன்னியில நான் சுகமா இரிக்கன். பொறக்கப்போற புள்ளைக்குப் பேர் வைச்சிராதீங்க, மாமன் நான் வந்துதான்...” பொறகு வாசிப்பம் புஸ்பம்.

– ஏன் கடிதத்த மடிக்கிறீங்க?

– ஒண்டுமில்ல. எழுத்துச் சரியாத் தெரியுதில்ல.

– சித்திரையில எழுதினது, நாலு மாசம் தபால் வரிசையில கிடந்து இப்ப வந்திரிக்கு. தம்பி செல் விழுந்து செத்துப் போயிட்டான் எண்டு நீங்க ஒளிச்சத நான் போன மாசமே அறிஞ்சிட்டன். அழுதாப் புள்ளைக்குப் பால் வத்திரும் எண்டுதான் நானும் ஒளிச்சன். வாசிங்க.