ஏழாவது கேசட்

கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. அந்தக் கதவச் சாத்திருலே, சாரல் அடிக்குது.

இது நம்ம குத்தாலிங்கத்தோட அக்கா மாப்பிள்ளைக்கு நடந்தது. சந்தானகிருஷ்ணன்னு பேரு. நம்பாதவன் நம்பாம இரு... ஆனா குத்தாலிங்கத்துக்கிட்ட போய்க் கேட்டுராத. எந்திரிச்சுப் போயிருவான்.

எம்பத்தேழு. ஆடி மாசம். ராத்திரி பதினோரு மணி. தென்காசியில இருந்து குத்தாலம் போற ரோடு. மேலகரம் தாண்டினா ஒரு ஈ காக்கா கிடையாது. சைக்கிள் டைனமோ மட்டும் 'ர்ர்ர்...'ங்குது. சந்தானம் சட்டைப் பையில ஒரு பொடி டப்பா. அதுக்குள்ள, சிகரெட் வெள்ளித்தாள்ல சுத்தி, மெட்ராஸ்ல இருந்து வரவழைச்ச எட்டு மெமரி சிப்.

குத்தாலத்துல ஒரு லாட்ஜ் கம்ப்யூட்டருக்கு அந்தச் சிப்ப வைக்கணும். ஏன் அந்நேரத்துல போகணும்? சீசன் நேரம்லா. லாட்ஜ் பூராவும் லைட்டு, வெந்நீர்... சாயங்காலமே வோல்டேஜ் படுத்துக்கிடும். கரண்ட் ஒரு துடி துடிச்சா கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தினது அம்புட்டும் போச்சு. ஊரு தூங்கின பெறகுதான் அதைத் தொட முடியும்.

கம்ப்யூட்டர்னா நீங்க நெனைக்கது இல்ல. வெறும் கீபோர்டு. டி.வி.யில மாட்டணும். பாடம் எல்லாம் பாட்டுக் கேக்குத கேசட்டுல இருக்கும். டேப்ரிக்கார்டர்ல போட்டா 'கீய்ய்ய்ங்...'னு காதைக் கிழிச்சுக்கிட்டு உள்ள ஏறும். அந்தக் காலத்துலயே அது கெழட்டு மெஷின்தான். லாட்ஜ் முதலாளி பால்வண்ணநாதன் அண்ணாச்சி அதைப் பின்கட்டு ரூம்ல வச்சு கம்ப்யூட்டர் கிளாஸ்னு போர்டு மாட்டியிருந்தாரு.

"ஒண்ணாந்தேதிக்குள்ள இதுக்கு மெமரியக் கூட்டிரு. வாத்தியார் வேலை ஒனக்குத்தான். இல்லன்னா வேற ஆளப் பாக்கேன்"னு சொல்லிட்டாரு அவரு.

வேலை கிடைக்கலேன்னா சந்தானம் பம்பாய்க்கு ரயிலேறணும். வீட்டுல பொஞ்சாதி விஜயத்துக்கு எட்டு மாசம். தலைப்பிள்ள. அது மொகத்தப் பாக்காம ஊரை விட்டுப் போவேனான்னு கிடந்து துடிச்சான் மனுசன்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுல கட்டட வேலை பாக்கக் கூடாதும்பாங்கல்லா? தொட்டிலுக்குக் கொக்கி அடிக்கப் போனவன் கையில இருந்து மாமியாக்காரி வடிவம்மாள் சுத்தியல வாங்கி வச்சுட்டா. "வயித்துல பிள்ள இருக்கையில புதுசா எடம் எடுக்காதீங்க மாப்பிள்ள. வேற யாராவது வந்து குடியேறிக்கிடுவாங்க." சந்தானம் கேட்டுக்கிட்டான். ஆனா கம்ப்யூட்டருக்குள்ள சிப் வைக்கது கட்டட வேலையா என்ன... யாருக்குத் தோணும்?

அந்த ரூம்ல முந்தி இருந்த வாத்தியாரு சுடலைக்கண்ணு. ஒண்டிக்கட்டை. போன ஐப்பசியில அங்கனயே நெஞ்சுச்சளி கட்டிச் செத்தாரு. வாட்ச்மேன் கடற்கரைதான் பக்கத்துல இருந்தவன். "மூச்சு விட எடம் பத்தல... எடம் பத்தல"ன்னு விடிய விடியச் சொன்னாராம்.

அவரு விட்டுட்டுப் போனது ஏழு கேசட். எது எந்தப் பாடம்னு தெரியணும்லா, அதுக்கு ஒவ்வொண்ணு தொடக்கத்துலயும் அவரே பேசியிருப்பாரு. தொண்டையச் செருமிட்டு... "ம்க்கும்... ஒண்ணு." அதுக்குப் பெறகு அந்தக் கீச்சல். ஆறு கேசட் ஒழுங்கா ஏறும். ஏழாவது மட்டும் பாதியில நிக்கும். மெமரி பத்தலன்னு டி.வி.யில எழுத்து வரும்.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மெஷினுக்குள்ள சிப் சொருகுத சாக்கெட்டப் பத்த வச்சு, எட்டையும் சொருகினான். ரூம் பூரா ஈயம் உருகுத வாசனை. மெஷினப் போட்டு, மெமரியில எம்புட்டு எடம் காலியா இருக்குன்னு கேட்டான். முந்தி ஒம்பதாயிரம்னு காட்டும். இப்ப... நாப்பத்தோராயிரம்!

"பம்பாய் இல்லட்டீ விஜயம்!"னு தனியா நின்னு சிரிச்சான். கண்ணு கலங்கிட்டு.

அதோட வீட்டுக்குப் போயிருக்கலாம். சும்மா போகாம ஏழாவது கேசட்ட எடுத்துப் போட்டான்.

"ம்க்கும்... ஏழு."

கீய்ய்ய்ங்... பாதி தாண்டிச்சு. நிக்கல. முழுசா உள்ள போயிட்டு. கீச்சல் நின்னுது. டி.வி.யில ஒண்ணுமே இல்ல, வெறும் வெள்ளை. ஈய வாசனை போயி, நீலகிரித் தைல வாசனை வந்துது. நெஞ்சுல தேய்ப்போமே... அது.

பயந்து சுவிட்ச அணைச்சான். மறுபடி போட்டு எடம் கேட்டான். ஒம்பதாயிரம்.

கரண்ட் போனா உள்ள இருக்கது எல்லாம் அழிஞ்சிரணும். அதான் அந்த மெஷினோட கொணம். கேசட்டும் போடல. சிப் எல்லாத்தையும் கழத்தித் தொடைச்சான், இடம் மாத்தி வச்சான். ஒண்ணுலயும் பழுதில்ல. ஆனா எப்பப் போட்டாலும் ஒம்பதாயிரம். மிச்சம் முப்பத்திரெண்டாயிரம் எடத்துல... என்னமோ இருக்கு.

அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். சின்னப் பாடமா ஓட்டிச் சமாளிச்சான். நிம்மதியே இல்ல. காலையில ஒரு தடவ, மதியம் ஒரு தடவ, சாத்தப் போகையில ஒரு தடவ... எடம் கேக்கதே வேலையாப் போச்சு. சோறு எறங்கல. உறக்கம் இல்ல.

ஆவணி பொறந்துது. ஒரு நா விடியக்காலம் விஜயத்துக்கு ஆம்பளப் பிள்ள. பிள்ளையத் தூக்கிக் கொஞ்சிட்டு, காலையில கிளாசுக்கு வந்து மெஷினப் போட்டான்.

நாப்பத்தோராயிரம்.

தைல வாசனையும் இல்ல. சந்தானம் குத்தாலநாதர் கோயிலுக்கு ஓடித் தேங்கா ஒடைச்சான். அன்னைக்குத்தான் நல்லா உறங்கினான். விஷயத்தை மச்சான் குத்தாலிங்கத்துக்கிட்ட சொல்லி, ரெண்டு பேரும் சிரிச்சுக்கூட இருக்காங்க.

பிள்ளைக்கு ஒன்றரை வயசு ஆச்சு. பேச்சு வரல. மத்தபடி துறுதுறுன்னு இருப்பான். அம்மான்னு கூடச் சொல்லல. விஜயத்துக்குக் கவலைன்னா கவலை. ஒரு நா சாயங்காலம் குத்தாலிங்கம் போயிருக்கான். எல்லாரும் பிள்ளையச் சுத்தி உக்காந்து, "ஏலே ராசா, ஏதாவது சொல்லுலே"ன்னு கெஞ்சிக்கிட்டு இருக்காங்க.

பிள்ளை அப்பன் மொகத்தையே பாத்துது. மெதுவா நெஞ்சைத் தடவிக்கிட்டுது. வயசான ஆளு மாதிரி தொண்டையச் செருமிச்சு...

"ம்க்கும்... எட்டு."