ஆத்துக்குப் போற தடம்

அந்த மேப்ப மடக்கி வையிப்பா. எத்தன தடவ விரிச்சிக் காட்டினாலும் இது எங்க மாந்தோப்புதான். ரோடு கெடையாது.

என்னா, வெள்ளக்காரன் போட்ட மேப்பா? போட்டுட்டுப் போறான். அவனா வந்து இங்க தண்ணி கட்டினான்? புள்ளி புள்ளியா ஒரு தடம் தோப்புக்குள்ள பூந்து ஆத்துல எறங்குது, சரி. அப்ப பாலம் இல்ல. அக்கரைக்குப் போறவங்க எங்க மாமனாரு நெலத்துல நடந்தாங்க, ஆடு மாடு ஓட்டினாங்க. பாவம், போயிட்டு வரட்டும்னு விட்டதுதான். பாலம் கட்டினப்புறம் ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. இப்ப நீங்க ஆத்தோரமா பிளாட்டப் போட்டுட்டு, லாரி போற அகலத்துக்கு வழி கேக்கறீங்க.

ஆத்தப் பாத்தாப்ல வூடாம்! நோட்டீசுல படிச்சேன். ஏன் தம்பி, மேப்புல ஆறு நீலமா இருக்குதே, இப்ப போயிப் பாத்தியா? சோப்புத் தண்ணியாட்டம் நுரை பொங்கிகினு போவுது. ஜன்னலத் தொறந்தா மூக்கப் பொத்திக்கணும். அத எந்த மேப்புல வரைவீங்க?

சிரிக்காத. உம்பேரு என்னா சொன்ன? சுடலமுத்து. திருநெல்வேலி பக்கமா? உங்கப்பாரு நெலத்துல ஒருத்தன் இப்படி மேப்பத் தூக்கிகினு வந்தா, உக்கார வச்சி மோரு குடுப்பாரா? எனக்கும் குடுக்கத் தோணல.

எங்க வூட்டுக்காரரு கிட்டயும் உங்க மொதலாளி வந்து பேசினாரு. என்னா பொன்னுசாமி, ஒரு கையெழுத்துதானன்னு தோள்ல கையப் போட்டாரு. இவரு அந்தக் கைய எடுத்து விட்டுட்டு, தோப்புல போயி படுத்துகினாரு. ஆமா, போன மாசம்தான் தவறிட்டாரு. பொம்பள தனியா இருக்கா, கேட்டா குடுத்துடுவான்னு உன்ன அனுப்பி வச்சிருக்காங்க.

நாளைக்கி ஜேசிபி வருதா? வரட்டும். உள்ளூர் டிரைவரா இருந்தா வண்டிய எறக்க மாட்டான். வெளியூரான்னா நீயே அவனுக்குச் சொல்லிடு. எங்காளுங்கள எரிக்கறதில்ல, சொந்த நெலத்துலதான் பொதைப்போம். எப்பவும் வேலியோரமாத்தான் வைக்கறது. இவரு மட்டும், என்னை அந்தப் பழைய தடத்துலயே வச்சிடுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. தலைய தெக்கால வைக்கணுமில்ல, தடம் கெழக்க பாத்துப் போவுது. ஆளு சரியா குறுக்க அமைஞ்சிட்டாரு.

டேப்ப இழுத்துகினு எங்க போற? மழையில மண்ணு எறங்கிப் போச்சி, அதான் உனக்குத் தெரியல.

செருப்பக் கழட்டு. கழட்டிட்டு இப்படித் தள்ளி வா. நீ நிக்கறது அவரு நெஞ்சு மேல.