போடாத கோட்டு

எனக்குக் குளிர் தாங்காது என்று எங்கள் படகுக் கழகத்தில் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அப்படி ஒன்றும் இல்லை. அக்டோபர் முடியும்வரை ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குவேன். அந்தப் பேச்சு எப்படி வந்தது என்று சொன்னால் மற்றது உங்களுக்குத் தானாகப் புரியும்.

தோர்ணியும் நானும் இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே படகில் போனோம். சின்ன மரப்படகு, கவிழாமலிருக்க அடியில் ஒரு டன்னுக்கு மேல் ஈயம், நாங்கள் உட்காரும் பள்ளத்துக்கு மூடி கிடையாது. சுக்கான் அவனுக்கு, பாய்மரத்தடி எனக்கு. எந்தக் காற்றுக்கு எந்தப் பாய், எப்போது குறைப்பது என்பதைச் சுக்கான் பிடிப்பவன்தான் சொல்வான். மரத்தடியில் இருப்பவன் வாயைத் திறப்பது எங்கள் கரையில் மரியாதைக் குறைவு. முதல் கோடையில் நான் ஒரு தடவை திறந்தேன். "பாயைப் பத்தி நான் பாத்துக்கறேன், நீ கயித்தைப் பாரு" என்றான். பிறகு ஒரு மணி நேரம் வேண்டுமென்றே முழுப் பாயோடு ஓட்டினான். உள்ளே வந்த தண்ணீரை நான்தான் இறைத்தேன்.

தோர்ணிக்கு நல்ல கை. கண்தான் கிடையாது. காற்று ஏறுவது அவனுக்குப் படகு சாய்ந்த பிறகுதான் தெரியும். எனக்கு அரை மணி முன்பே தெரிந்துவிடும். தூரத்தில் தண்ணீர் திட்டுத் திட்டாகக் கறுக்கும், பத்து அலையில் இரண்டின் தலை வெளுக்கும். இதை வாயால் சொல்ல முடியாது என்று ஆகிவிட்டது. அடுத்த வாரம் ஒருநாள் நிஜமாகவே குளிரெடுத்து என் மஞ்சள் மழைக்கோட்டை மாட்டினேன். தோர்ணி என்னைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "சரி, ஒரு மடிப்பு எடு" என்றான். பெரிய பாயைக் கொஞ்சம் இறக்கி, அடிப்பக்கத்தை மடித்துக் கட்டினேன். கட்டி முடிக்கவும் காற்று வரவும் சரியாக இருந்தது.

அன்று முதல் அதுவே பழக்கமானது. கோட்டைத் திறந்தபடி மாட்டினால் ஒரு மடிப்பு. கழுத்துவரை பொத்தான் போட்டால் இரண்டு. தொப்பியும் வைத்தால் முன்பாயை இறக்கிச் சின்னதை ஏற்ற வேண்டும். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. தெரிந்தே செய்கிறானா, தனக்கே தோன்றியதாக நினைத்துக்கொள்கிறானா என்பது எனக்குத் தெரியாது. எப்போதும் எங்களோடு வரும் அவன் மனைவி சிக்னேவுக்குத் தெரியும். நான் கோட்டை எடுத்தால் அவள் காப்பிக் குடுவையை மூடிப் பைக்குள் வைப்பாள்.

ஏப்ரலில் கழக விருந்து. இத்தனை ஆண்டில் ஒரு பாய்கூடக் கிழியவிடாதவன் என்று தோர்ணிக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள். யாரோ, "யால்மரும் கூடத்தானே இருந்தான்?" என்றார்.

"அவனா? காத்து லேசா தட்டினா போதும், கெழவி மாதிரி கோட்டைத் தேடுவான்" என்றான் தோர்ணி. "நான் பாயையும் பாத்துக்கிட்டு இந்த நோயாளியையும் பாத்துக்கிட்டேன்."

மேசை குலுங்கச் சிரித்தார்கள். எனக்கும் ஒரு பரிசு இருந்தது: ரிப்பன் கட்டிய வெந்நீர்ப் பை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். சிக்னே மட்டும் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட கன்னம்போல உள்ளே ஏதோ மரத்துவிட்டது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

மே மாதத்து மூன்றாம் சனிக்கிழமை, அந்த ஆண்டின் முதல் பயணம். காலையில் மெல்லிய காற்று. இருப்பதிலேயே பெரிய முன்பாயை ஏற்றச் சொன்னான், அது சரிதான். வெளித்தீவில் இறங்கி, சிக்னே சுட்டுவந்த லவங்கப்பட்டை ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். திரும்பும்போது காற்று பின்னால் இருந்து வந்தது. காற்றோடு சேர்ந்து ஓடும் படகில் அதன் பலம் முகத்துக்குத் தெரியாது. ஆனால் துறைமுகத்துக்கு முன்னால் ஒரு பெரிய பாறை உண்டு. அதைச் சுற்றிக் காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டும். திரும்பும் இடத்தில் மொத்தக் காற்றும் ஒரே அடியாக வந்து விழும். அதற்கு முன்பே பாயைக் குறைத்திருக்க வேண்டும்.

தண்ணீர் கறுப்பதைப் பார்த்தேன். பத்துக்கு இரண்டு, பிறகு நான்கு, பிறகு ஏழு. நான் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

"யால்மர், உனக்குக் குளிரலியா?" என்றாள் சிக்னே.

"இல்லையே."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். அதையே சொன்னேன். அவள் குனிந்து இருக்கைக்கு அடியிலிருந்து என் கோட்டை இழுத்து என் மடியில் வைத்தாள். நான் அதை ஒழுங்காக மடித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, தன் கணவனிடம் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னாள்.

"தோர்ணி, பாயைக் குறை. இப்பவே."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். "யால்மர் இன்னும் கோட்டே போடல. அவன் போடாம நான் எதுக்குக் குறைக்கணும்? இந்தக் கரையில அவன் கண்ணுக்கு மேல ஒரு கண்ணு உண்டா?"

ஆக, அவனுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. பாறைக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. ஒரு மடிப்பு எடுக்க எனக்கு நான்கு நிமிடம் போதும், அதற்கு நேரம் இருந்தது. இருபத்தைந்து ஆண்டு காத்திருந்து கேட்ட வார்த்தை அது. இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும்போல இருந்தது. கோட்டைப் போட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அதனால் உட்கார்ந்தே இருந்தேன்.

பாறையைச் சுற்றியதும் படகு பக்கவாட்டில் படுத்தது. பள்ளத்துக்குள் கடல் வந்தது, படகைக் கீழே இழுத்து ஈயம் மீதியைப் பார்த்துக்கொண்டது. தோர்ணி ஒருபோதும் மிதவைச் சட்டை போடமாட்டான். அவனை நான் பிறகு பார்க்கவில்லை. சிக்னே போட்டிருந்தாள். இருபது நிமிடம் என் பக்கத்தில் மிதந்தாள். என் கம்பளிக் கழுத்து இழுபட்டு, உள்ளே போட்டிருந்த, முக்குளிப்பவர்கள் குளிர்ந்த தண்ணீருக்குப் போடும் ரப்பர் உடை தெரிந்தது. அதைப் பார்த்தாள். பிறகு எதையும் பார்க்கவில்லை. மீட்புப் படகு முக்கால் மணியில் வந்தது.

நீங்கள் இதைக் கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் ஒரு கயிற்றையும் அறுக்கவில்லை, ஒரு முடிச்சையும் அவிழ்க்கவில்லை. ஒரே ஒரு நாள் அவனே முடிவு செய்யட்டும் என்று விட்டேன். சிக்னேவுக்காக வருத்தம் உண்டு என்றுகூட நினைக்கிறேன்.

அந்த ரப்பர் உடையைப் பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். விருந்துக்கு மறுநாள் வாங்கியது என்பது உண்மை. அதற்கு வேறு அர்த்தம் எதுவும் இல்லை. மே மாதத்தில் எங்கள் கடல் எட்டு டிகிரிதான். எனக்குக் குளிர் தாங்காது. கழகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.