ட்ரூடி அழுத காட்சி

நான் அவ்வளவு நல்ல எழுத்தாளர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கும் எனக்கும் வேலை மிச்சம். கான்சாஸில் ஒரு படக்கொட்டகையில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தேன். திரையைப் பார்த்துப் பார்த்து, இதைவிட மோசமாக என்னாலும் எழுத முடியும் என்று தோன்றியது. முடிந்தது. ஹாலிவுட்டுக்கு வந்து ஐம்பது அறுபது ஊமைப்படங்களுக்குக் கதை எழுதினேன். பாதிப் படங்களில் தாய் செத்துப்போவாள். எனக்கு வேறு முடிச்சு போடத் தெரியாது.

என் வீட்டுப் பின்னறையில் லீனா என்ற தையல்காரி குடியிருந்தாள். புருஷன் இல்லை, ஏழு வயதில் ட்ரூடி என்று ஒரு மகள். லீனாவுக்குக் காசம் வந்து அரிசோனா மருத்துவமனைக்குப் போகவேண்டியதாயிற்று. குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று என்னைக் கேட்டாள். சரி என்றேன். என் பெரிய மனதை நினைத்து அன்று எனக்கே கண் கலங்கியது.

அந்தச் சமயம் எங்கள் படத்தில் அநாதைச் சிறுமியாக நடித்த பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. ட்ரூடியைக் கூட்டிப்போனேன். எல்லாம் செய்தாள், அழ மட்டும் வரவில்லை. வெங்காயத்துக்கும் சிரித்தாள், இயக்குநர் ஹார்லனின் அதட்டலுக்கும் சிரித்தாள். வெயிலை நம்பித்தான் படம் பிடிப்போம், வெயிலோ இறங்கிக்கொண்டிருந்தது. அவளை ஓரமாக அழைத்துப்போய் மண்டியிட்டேன்.

"கண்ணு, காலையில சேதி வந்துச்சு. உங்கம்மா செத்துப் போயிட்டாங்க."

அழுதாள். கேமராக்காரர்கூட மூக்கைச் சிந்தினார். ஹார்லன் என்னிடம் வந்து, "அப்படி என்னதான் சொன்னே அவகிட்ட?" என்றான்.

"கதையைச் சொன்னேன்."

"நீ எழுதினதுலயே அதுதான் உருப்படி, மின்னா."

அவன் பாராட்டுவது அபூர்வம்.

அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடத்தான் இருந்தேன். ஆனால் மறுநாளும் அந்தக் காட்சியில் மிச்சம் இருந்தது. அப்புறம் அவள் என் மடியில் தூங்கிப் பழகிவிட்டாள். தூங்குகிற குழந்தையை எழுப்பிச் சொல்வது நாகரிகமாகப் படவில்லை. லீனா போட்ட கடிதங்களுக்குக் குழந்தை மாதிரி நானே பதில் எழுதினேன். என் நடை ஏழு வயதுக் குழந்தையின் நடை என்று பத்திரிகைக்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்ததால் சிரமம் தெரியவில்லை.

லீனா பிழைத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. என் கதைகளில் காசம் வந்தவர்கள் பிழைப்பதில்லை. குணமாகி, இன்ன ரயிலில் வருகிறேன் என்று எழுதிவிட்டாள். விஷக் காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன குளிர்காலம் அது. ஸ்டுடியோவில் துக்கத்துக்குப் போடும் ஒரு கறுப்பு உடையை வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். இடுப்பில் ரொம்பப் பிடித்ததால் முகத்தில் வேதனை தானாகவே வந்தது.

உடையைப் பார்த்ததுமே லீனா பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். ட்ரூடிக்குக் காய்ச்சல் கண்டது என்றேன். எல்லோரோடும் சேர்த்துப் பொதுக்குழியில் புதைத்துவிட்டார்கள் என்றேன். அவள் அழவில்லை.

"கடைசியா என்னைக் கேட்டாளா, மேடம்?"

"உன்னைக் கூப்பிட்டுக்கிட்டேதான் போனா."

அந்த வசனத்தில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை. அடுத்த வண்டியிலேயே அரிசோனாவுக்கு, டூசானில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

இனிமேல்தான் என் புத்தியை நீங்கள் மெச்ச வேண்டும். படங்களில் ட்ரூடிக்கு வேறு பெயர் போட்டேன். நாடு முழுக்க ஓடும் படங்களில் அவளை நடிக்கவைத்துவிட்டு, ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். டூசானிலும் கொட்டகை உண்டு. லீனா முதலில் பார்த்தது அந்த அழுகைப் படம். காய்ச்சலுக்கு முன்னால் எடுத்ததுதானே என்று, செத்த மகளைப் பார்க்க அது ஓடிய நாளெல்லாம் போனாளாம். அடுத்த படத்தில் மகளுக்கு முன்பல் விழுந்திருந்தது. அதற்கடுத்ததில் புதுப்பல் வந்திருந்தது.

போன வாரம் உங்கள் ஷெரீப்போடு என் வாசலில் வந்து நின்றாள். நோயும் துக்கமும் அவளை ஆளே மாற்றியிருந்தன.

"செத்த புள்ளைக்குப் பல்லு முளைக்குமா, மேடம்?"

சத்தம் கேட்டு ட்ரூடி உள்ளேயிருந்து வந்தாள். லீனா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ட்ரூடி பொறுமையாக நின்றாள். பிறகு லீனாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, "அம்மா, இவங்க நல்லா அழறாங்க. எந்தப் படத்துக்கு?" என்றாள்.

ஷெரீப் தொப்பியைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

கலைக்காகச் செய்தேன் என்று நேற்று விசாரணையில் உங்களிடம் சொன்னேன். முதல் படத்துக்குப் பிறகு அவள் நடித்ததெல்லாம் சிரிப்புப் படங்கள்தானே, அப்புறமும் அந்தப் பொய் எதற்கு என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. என் கதைகளைத் திருத்த உங்களைப் போல ஒருவர் இருந்திருக்கலாம். ஆமாம், தாய் உயிரோடு இருப்பது தெரிந்தேதான் மகளிடம் சொன்னேன். மகள் என் வீட்டில் காத்திருக்கத் தாயிடம் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். ட்ரூடிக்கு இருட்டென்றால் பயம், கதவைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். பாலில் ஆடை மிதந்தால் குடிக்கமாட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிற அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும். இதெல்லாம் பெற்றவளுக்குத்தான் தெரியும்.