ஒரு மயிரிழை கீழே

உங்கள் மேசை லேசாக ஆடுகிறது, டாக்டர். என் பக்கத்துக் கால்தான். ஒரு மெல்லிய தகடு வைத்தால் நின்றுவிடும். ஆடுகிற மேசையில் எழுதினால் எழுத்து கோணும். பார்க்கிறவர்கள் உங்கள் கையைத்தான் குறை சொல்வார்கள்.

என் சகலைக்குக் கை நடுக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டீர்கள். அவர் உள்ளே நரம்புப் பரிசோதனையில் படுத்திருக்கிறார். வெளியே வர நேரமாகும் என்று உங்கள் நர்ஸ் சொன்னார். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம். அவர் மனைவியைக் கேட்டிருந்தால் குத்துமதிப்பாக ஏதாவது சொல்லியிருப்பாள். எனக்குச் சரியாகத் தெரியும். டூல் போஸ்ட் வாங்கியதிலிருந்துதான்.

கொஞ்சம் விளக்க வேண்டும்.

அவர் பல் டாக்டர் என்பது உங்கள் காகிதத்திலேயே இருக்கும். நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணைச் சோதித்து, பவர் பார்த்து, கண்ணாடி போட்டுக் கொடுப்பேன். அக்காவை நான் கட்டினேன், தங்கையை அவர் கட்டினார். வயதில் சின்னவர். என்னை அண்ணே என்பார். “அண்ணே சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்பது அவர் வாயில் அடிக்கடி வரும். கார் வாங்கும்போது என்னைக் கேட்டார். வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்று கேட்டார். குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதுகூடக் கேட்டார். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற வருடம் வீட்டை ஒட்டிய ஷெட்டில் சின்ன லேத் ஒன்று வாங்கிப் போட்டார். உலோகக் கம்பியைச் சுழலவிட்டு உளியால் கடைகிற இயந்திரம். பொழுதுபோக்குக்கு. எனக்கு லேத் என்றால் சின்ன வயதிலிருந்தே ஒரு இது. அதைப் பற்றிப் படிப்பேன். யாராவது ஓட்டினால் நின்று பார்ப்பேன். வாங்கியதில்லை. “அது உள்ள வந்தா நான் வெளிய போறேன்” என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். யோசித்துப் பார்த்து அவளையே வைத்துக்கொண்டேன். ஆகவே சகலை வாங்கியபோது எனக்குப் பொறாமை இல்லை. குடும்பத்துக்குள் ஒரு லேத் வந்ததே என்றுதான் நினைத்தேன்.

லேத் வாங்குகிறவர்கள் மோட்டாரைப் பார்ப்பார்கள், நீளத்தைப் பார்ப்பார்கள். வெட்டுவது உளி. அந்த உளியைப் பிடித்துக்கொண்டு நிற்பது டூல் போஸ்ட். அதில் நாலு பக்கப் போஸ்ட் என்று ஒன்று லேத்தோடு வரும். ஒரு சதுரக் கட்டை, பக்கத்துக்கு ஒரு உளி. உளியின் நுனி, சுழல்கிற கம்பியின் நட்ட நடு மையத்துக்குச் சரியான உயரத்தில் நிற்க வேண்டும். அதற்கு உளிக்கு அடியில் மெல்லிய தகடுகளை அடுக்க வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கானது. இன்னொன்று குயிக் சேஞ்ச். ஒவ்வொரு உளிக்கும் தனி ஹோல்டர், ஹோல்டரின் தலையில் ஒரு நட். அந்த நட்டைத் திருகி ஒரு தடவை உயரத்தை வைத்துவிட்டால் தீர்ந்தது. எத்தனை தடவை கழற்றி மாட்டினாலும் உயரம் மாறாது. பொறுமை இல்லாதவர்களுக்கானது.

எதை வைத்துக்கொள்வது என்று என்னைத்தான் கேட்டார். நாலு பக்கப் போஸ்ட்டே ஆயுசுக்கும் போதும் என்றேன். தகடு நான் வெட்டித் தருகிறேன் என்றேன். வெட்டினேன். பல கனத்தில், ஓரம் தேய்த்து, விரலைக் கிழிக்காதபடி. ஒரு மிட்டாய் டப்பாவில் அடுக்கி, ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போனேன்.

லேத்தில் குயிக் சேஞ்ச் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வரிசையாகப் புது ஹோல்டர்கள்.

“கடைக்காரர் சொன்னாருண்ணே. ஒரு தடவை செட் பண்ணிட்டா அப்புறம் தொடவே வேணாமாம்.”

“நல்லது” என்றேன்.

“ஐயோ, நீங்க தகடு வெட்டிட்டீங்களா? குடுங்கண்ணே, வீணாப் போகாது.”

வீணாகப் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது பார்த்தேன். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் காலுக்கு அடியில் என் தகடு இருந்தது. மேசை ஆடவில்லை. “மாமா, உங்க தகடு சூப்பர்” என்றாள் மச்சினி. நான் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டேன்.

கோபமா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு விஷயத்தை அவருக்குப் புரியவைக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். நானே வாய்விட்டுச் சொன்னால் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடும். அவரே கண்டுபிடித்தால் மரியாதையாக இருக்கும்.

பல் டாக்டர்கள் கை கழுவிப் பார்த்திருக்கிறீர்களா? நீங்களும் டாக்டர்தான். ஆனால் அவர் தனி ரகம். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை என்று போய்க்கொண்டே இருப்பார். லேத்தை நிறுத்திவிட்டு அவர் கழுவப் போனால், எல்லா ஹோல்டரின் நட்டையும் கொஞ்சம் கொஞ்சம் திருப்பி, ஸ்பானரைத் துடைத்து இருந்த இடத்தில் மாட்டி, அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கவும் எனக்கு நேரம் இருக்கும்.

“அவர் கை கழுவப் போனா நீங்க எதுக்கு ஷெட்டுலயே நிக்கிறீங்க?” என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள்.

“துண்டு எடுத்துக் குடுக்க.”

“எனக்கு ஒரு நாளாவது எடுத்துக் குடுத்திருக்கீங்களா?”

அதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

கொஞ்சம்தான் திருப்பினேன், டாக்டர். அடுத்த ஞாயிறுகளில் அது அப்படியே நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். உளியின் நுனி ஒரு மயிரிழை கீழே இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. அதிகம் இறக்கியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பார். அளவோடு செய்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும்.

உளி அப்படிக் கீழே நின்றால், கம்பியின் முகத்தை, அதாவது அதன் நுனி வட்டத்தை, சீவும்போது நடுவில் ஒரு குருணை மிஞ்சும். எத்தனை தடவை சீவினாலும் போகாது. உளி அதற்கு அடியில் புகுந்து போய்விடும். அவர் அப்போது சமையலறை டிராயர்களுக்குப் பித்தளைக் குமிழ் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு குமிழின் நடுவிலும் ஒரு சின்ன மேடு. மச்சினி அக்காவுக்குப் போன் போட்டு, “எங்க வீட்டு டிராயருக்கெல்லாம் முகப்பரு வந்திருக்குக்கா” என்றாள். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

“உங்களுக்குச் சிரிப்பே வராதே” என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கூர்மையானவள்.

என் கணக்கு எளிமையானது. குமிழைப் பார்ப்பார். இந்தப் போஸ்ட் சரியில்லை என்பார். நீங்க சொன்னதுதாண்ணே சரி என்பார். பழைய போஸ்ட்டை எடுத்து மாட்டுவோம். மேசைக் காலுக்கு ஏதாவது அட்டையை மடித்து வைத்துக்கொள்வார்கள். எல்லாரும் செய்வது அதுதானே. வேலை பிசகினால் கருவியைத்தான் திட்டுவார்கள்.

அவர் திட்டவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் படித்த கல்லூரியில் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். வேலை பிசகினால் முதலில் உன் கையைப் பார், பிறகு கண்ணைப் பார், எல்லாம் பார்த்த பிறகு கருவிக்கு வா என்று. அவர் கருவிக்கு வரவேயில்லை.

வந்திருக்க வேண்டிய ஞாயிறு ஒன்று உண்டு. அன்று உளியின் உயரத்தைச் சோதித்தார். உளி நுனிக்கும் உருண்டைக் கம்பிக்கும் நடுவில் சின்ன எஃகு ஸ்கேல் ஒன்றைச் சிக்கவைப்பார்கள். நுனி மையத்தில் இருந்தால் ஸ்கேல் நெட்டுக்குத்தாக நிற்கும். கீழே இருந்தால் ஸ்கேலின் தலை நம் பக்கம் சாயும். பொய் சொல்லத் தெரியாத சோதனை.

சிக்கவைத்தார். ஸ்கேல் அவர் பக்கம் சாய்ந்தது.

“பாத்தீங்களாண்ணே. ஒரு ஸ்கேலைக்கூட நேரா வைக்க வரல எனக்கு.”

“இன்னொரு தடவை வச்சுப் பாருங்க.”

வைத்தார். மறுபடி சாய்ந்தது.

“நட்டு ஏதும் திரும்பியிருக்குமோ?” என்று நானே கேட்டேன். நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் அல்லவா.

“லாக் பண்ணதுண்ணே. அதை யாரு தொடப் போறா? இங்க இருக்கறது நீங்களும் நானும்தானே.” வலது கையை விளக்குக்கு நேரே நீட்டிப் பார்த்தார். “இங்கதான் தகராறு.”

அந்தக் கை அன்று நடுங்கவில்லை. நான் நன்றாகப் பார்த்தேன். அவர் அதை அடிக்கடி அப்படி நீட்டிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் நடுங்கத் தொடங்கியது. எந்தக் கையையும் நாள் முழுக்க உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் நடுங்கும். உங்களுடையதும்தான். ஆக, நடுக்கம் அவருடையது. நான் திருப்பியது நட்டை மட்டும்.

பிறகு கண். என் கடைக்குத்தான் வந்தார். முறைப்படி சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு, இதுதான் காரணம், இனிமேல் சரியாகிவிடும் என்று அனுப்பியிருக்கலாம். நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் தொழிலில் நான் பொய் சொல்வதில்லை.

“கண்ணு அருமையா இருக்கு” என்றேன்.

“அப்ப கைதான்” என்றார்.

கண்ணில் கோளாறு இல்லை, ஆகவே நரம்பு என்று அவர் உங்களிடம் வந்ததற்கு என் சோதனையும் ஒரு காரணம். அதில் ஒரு தவறும் கிடையாது. நீங்கள் வேறு யாரிடமும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அதற்கப்புறம் கடைவாய்ப் பல் எடுப்பதை நிறுத்தினார். பிறகு ஊசி போடுவதை. அவரிடம் வழக்கமாக வரும் லாரிக்காரர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தவர், திறந்தபடியே, “டாக்டரே, நடுங்கறது நானா நீங்களா?” என்று கேட்டிருக்கிறார். வேடிக்கையாகத்தான். மறுநாள் கிளினிக் கதவில் பூட்டுத் தொங்கியது.

இப்போது டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். குழந்தையைத் தூக்குவதில்லை. கீழே போட்டுவிடுவோமோ என்று பயம். அது கையை நீட்டிக்கொண்டு தவழ்ந்து வரும். இவர் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு முகத்தை மட்டும் கீழே கொண்டுபோய்க் கொடுப்பார். அது மூக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நல்லவேளையாக என்னிடம் நன்றாக ஒட்டிக்கொண்டது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்.

நான் ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். நிறுத்தியிருப்பேன். போஸ்ட் சரியில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒவ்வொரு ஞாயிறும் அதற்கு வாய்ப்புக் கொடுத்தேன். “அந்த நாலு பக்கப் போஸ்ட்டை மாட்டிப் பாக்கலாமா?” என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “போஸ்ட் என்னண்ணே பண்ணும், பாவம்” என்றார். அவ்வளவு பிடிவாதம்.

போன மாதம் லேத்தை எனக்கே கொடுத்துவிட்டார்.

“உங்க கையிலயாவது ஓடட்டும்ணே. எனக்கு அந்தப் பக்கம் பாக்கவே பிடிக்கல.”

வண்டியில் ஏற்றும்போது ஹோல்டர்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றித் தந்தார். உயரம் மாறிவிடக் கூடாதாம். கடையின் பின்னறையில் வைத்திருக்கிறேன். கடை வீடு இல்லை என்பதால் என் மனைவியால் வெளியே போக முடியவில்லை.

வந்த அன்றே நட்டுகளைச் சரியான இடத்துக்குத் திருப்பி, ஒரு பித்தளைக் கம்பியின் முகத்தைச் சீவிப் பார்த்தேன். முகம் பார்க்கலாம்போல வந்தது. நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. ஹோல்டரைக் கழற்றினேன், வேறு மாட்டினேன், மறுபடி இதையே மாட்டினேன். அதே உயரம். அருமையான போஸ்ட், டாக்டர். அந்தக் கடைக்காரர் விஷயம் தெரிந்தவர். நாலு பக்கப் போஸ்ட்டை அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு அவசியமும் இல்லை. யாருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் இன்று மாத்திரை எழுதப் போவதாக வரும் வழியில் சொன்னார். ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்குமாம். இல்லாத நோய்க்கு ஒருவர் மாத்திரை விழுங்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவ்வளவு கெட்டவன் இல்லை நான்.

மாத்திரை வேண்டாம். நரம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். கிளினிக்கைத் திறக்கச் சொல்லுங்கள். குழந்தையைத் தூக்கச் சொல்லுங்கள். நட்டு விஷயம் அவருக்குத் தெரிய வேண்டாம். என்மேல் உயிரையே வைத்திருக்கிறார், மனசு உடைந்துவிடும்.

ஒரே ஒரு உதவி. கை தேறினால் லேத்தைத் திரும்பக் கேட்பார். இப்போதுதான் அது என் அறையில் மட்டம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பல் பிடுங்கலாம், கார் ஓட்டலாம், எதுவும் செய்யலாம், லேத் மட்டும் உடம்புக்கு ஆகாது என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அவர் வருகிற சத்தம் கேட்கிறது. பையில் ஒரு தகடு எப்போதும் வைத்திருப்பேன். உங்கள் மேசைக் காலுக்குக் கொடுத்துவிட்டேன். அழுத்திப் பாருங்கள், ஆடாது.

நீங்களே சொல்லுங்கள், டாக்டர். நீங்கள் சொன்னால் கேட்பார். நான் சொன்னால்தான் எதையும் கேட்கமாட்டார்.